மண்டாயில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: விலங்குத் தோட்டங்கள் வனவிலங்குகளுக்கு என்ன செய்கின்றன?

பள்ளி விடுமுறை வந்தால், சிங்கப்பூர் விலங்குத் தோட்டம் இருக்கும் மண்டாய்ப் பக்கம் போகாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. பிள்ளைகளோடும், ஊரிலிருந்து வந்த பெரியவர்களோடும் அங்கே சுற்றும்போது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என் காதில் விழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். விலங்குத் தோட்டம் நல்லதா கெட்டதா என்று மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "இந்த விலங்கு ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பதில்களும் அந்த வழியில்தான் போகும்.

"ஸூன்னா வேடிக்கை பாக்குற எடந்தானே? வனவிலங்குப் பாதுகாப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

வேடிக்கையில்தான் தொடங்கியது. மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டிய நிலத்தில் மக்கள் பொழுதுபோக்க ஓர் இடம் வேண்டும் என்று, அப்போது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஓங் சுவீ லா நினைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் நம் விலங்குத் தோட்டம். 1973 ஜூன் மாதம் திறந்தார்கள். மற்ற நாடுகளின் பழைய தோட்டங்களும் இப்படித்தான் ஆரம்பித்தன. பாதுகாப்பு வேலை பிற்பாடு வந்து சேர்ந்தது, சில இடங்களில் வேறு வழியே இல்லாமல் வந்தது.

ஐரோப்பியக் காட்டெருமையின் கதை அப்படிப்பட்டது. காட்டில் இருந்த கடைசி விலங்கை 1927-இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மிஞ்சியவை தோட்டங்களிலும் பண்ணைகளிலும் அடைபட்டிருந்த ஐம்பது சொச்சம்தான். இன்று போலந்துக் காடுகளிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கில் மேய்பவை எல்லாம் அவற்றில் 12 விலங்குகளின் வாரிசுகள். அந்தப் பன்னிரண்டும் அன்று கூண்டில் இல்லாதிருந்தால் அந்த இனமே இன்று இல்லை.

இன்றைக்கு ஒரு நல்ல தோட்டத்திடம் மூன்று வேலைகளை எதிர்பார்க்கலாம். அழிவின் விளிம்பில் உள்ள இனத்தில் ஒரு கூட்டத்தைக் காப்பில் வைத்திருப்பது ஒன்று. காட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததைப் பக்கத்தில் இருந்து படிப்பது இன்னொன்று. காட்டில் பாடுபடுகிறவர்களுக்குப் பணமும் ஆளும் தருவது மூன்றாவது.

"கூண்டுல குட்டி போட்டா காட்டுக்கு என்ன லாபம்? நெசமாவே எதையாவது திருப்பி விட்டிருக்காங்களா?"

விட்டிருக்கிறார்கள். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மான் காட்டிலிருந்து 1972-இல் அற்றுப்போனது. அதற்குப் பத்தாண்டு முன்பே எச்சரிக்கையாகச் சிலவற்றைப் பிடித்து, அமெரிக்காவின் பீனிக்ஸ் விலங்குத் தோட்டத்தில் ஒரு மந்தையை வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வம்சம் 1982-இல் ஓமான் பாலைவனத்துக்குத் திரும்பியது. பிறகு மற்ற அரபு நாடுகளிலும் விட்டார்கள். 2011-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை 'எளிதில் பாதிக்கப்படக்கூடியது' என்ற நிலைக்கு உயர்த்தியது. காட்டில் முற்றாக அழிந்த ஓர் இனம் அவ்வளவு தூரம் ஏறி வந்தது அதுவே முதல் முறை.

கலிபோர்னியக் காண்டோர் என்ற பெருங்கழுகு 1987-இல் உலகம் முழுவதிலும் 27 மட்டுமே இருந்தது. அத்தனையையும் பிடித்து சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் தோட்டங்களில் வைத்தார்கள். குஞ்சு மனித முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது. அதனால் காண்டோரின் தலையைப் போலச் செய்த பொம்மைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மறைவில் இருந்தபடி இரை ஊட்டினார்கள். இன்று எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் வெளியில் பறக்கின்றன.

நம் ஊர்ப் பக்கமும் உண்டு. ஒடிசாவின் நந்தன்கானன் விலங்குத் தோட்டத்தில் 1980-இல் கரியால் முதலை அடைப்பில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. 1976-இல் சென்னைக்கு அருகே தொடங்கிய முதலைப் பண்ணை, சதுப்பு முதலைகளைப் பெருக்கிப் பல மாநிலங்களுக்குக் கொடுத்தது. மாமல்லபுரம் போகிற வழியில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள்.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை. சிங்கப்பூர்ல அப்படி ஏதாவது நடந்திருக்கா?"

இருவாச்சியைப் பாருங்கள். சாங்கியிலும் பாசிர் ரிஸ் பூங்காவிலும் கறுப்பு வெள்ளையாக, பெரிய அலகுடன் சத்தம் போட்டுத் திரிகிறதே, அந்தப் பறவைதான். 1800-களின் நடுவிலேயே அது சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோனது. 1994-இல் புலாவ் உபின் தீவில் ஒரு சோடி மறுபடி கண்ணில் பட்டது. பறவைகள் வந்தாலும் கூடு வைக்க இடமில்லை. பெரிய பொந்துள்ள பழைய மரங்கள் நம்மிடம் மிகக் குறைவு. 2004 வாக்கில் தேசியப் பூங்காக் கழகம், ஜூரோங் பறவைப் பூங்கா, ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் சேர்ந்து மரப்பெட்டிக் கூடுகளை மரங்களில் ஏற்றினார்கள்.

இந்தப் பறவை குடும்பம் நடத்தும் விதமே தனி. பெட்டை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். வாரக்கணக்கில் சேவல்தான் பழமும் பல்லியும் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். சேவலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பம் தவித்துப்போகும். பெட்டிகளுக்குள் கேமரா வைத்ததால் அதுவரை யாரும் பார்க்காத காட்சிகள் பதிவாயின. தாயே கடைசிக் குஞ்சைக் கொன்று மற்றவற்றுக்கு இரையாக்கியதும் அதில் அடக்கம். கேட்கக் கடினமாக இருக்கும், ஆனால் இரை எவ்வளவு கிடைக்கிறது, எத்தனை குஞ்சு தேறும் என்று கணக்கிட அந்தத் தகவல் வேண்டும். இன்று நூற்றுக்கு மேற்பட்ட இருவாச்சிகள் தீவெங்கும் இருக்கின்றன.

பாலி மைனாவும் உண்டு. பால் வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலம். கூண்டுப் பறவை வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்து, பாலிக் காட்டில் ஒற்றை எண்ணிக்கைக்கு வந்துவிட்ட பறவை. ஜூரோங்கில் வளர்ந்த மைனாக்கள் இனப்பெருக்கத்துக்காகப் பாலிக்குப் போயிருக்கின்றன. அந்தப் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பேரடைஸ் என்ற புதிய பறவைப் பூங்கா திறந்தது. வேலை அங்கே தொடர்கிறது.

"அப்போ எல்லாத்தையும் தொறந்து விட்டுடலாமே? பாவம், எதுக்கு வச்சிருக்காங்க?"

பிள்ளைகள் மனசு கரைந்து கேட்கும் கேள்வி இது. முதலில், விடுவதற்கு இடம் வேண்டும். அந்த இனத்தை அழித்த காரணம் அப்படியே இருந்தால், விடுவது அதைச் சாகக் கொடுப்பதுதான். மேலே சொன்ன ஓரிக்ஸுக்கே அது நடந்தது. ஓமானில் 450 வரை பெருகியவை கள்ள வேட்டையால் 65-க்குக் குறைந்தன. பின்னர் ஓமான் அந்தச் சரணாலயத்தின் பெரும்பகுதியைக் கைவிட்டதும், 2007-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

அடுத்து, விலங்குக்குக் காட்டில் பிழைக்கத் தெரிய வேண்டும். ஓராங் ஊத்தான் குட்டி ஆறேழு ஆண்டு தாயை ஒட்டிக்கொண்டு, எந்தப் பழம் எப்போது பழுக்கும், கூடு எப்படிக் கட்டுவது என்று கற்கிறது. மனிதர் கையில் வளர்ந்ததற்கு அந்தப் படிப்பு இல்லை. சிங்கப்பூரே அறிந்த ஆ மெங், ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட பெண் ஓராங் ஊத்தான். 1971-இல் மீட்டார்கள், 2008-இல் இறக்கும்வரை சிங்கப்பூரில்தான் இருந்தது. அதைச் சுமத்ராவில் கொண்டுபோய் விட்டிருந்தால் பிழைத்திருக்காது. முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் தோட்டத்தில் பிறந்த தெமாரா என்ற ஓராங் ஊத்தானை 2006-இல் சுமத்ராவின் புக்கிட் திகாபுலு காட்டில் விட்டார்கள். அதற்கு நீண்ட பயிற்சியும் கூடவே அலையும் ஆட்களும் தேவைப்பட்டன.

நோயும் ஒரு கவலை. தோட்டத்தில் பிடித்த கிருமியைக் காட்டுக்குள் கொண்டுபோய்விடக் கூடாது.

"எறும்புத்தின்னியைப் பத்தி இவ்ளோ பேசுறாங்களே, அதுல என்ன விசேஷம்?"

அழுங்கு என்றும் சொல்வோம். நம் காட்டில் இருப்பது சுந்தா எறும்புத்தின்னி. உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளில் எறும்புத்தின்னிகளே முன்னால் நிற்கின்றன. 2019 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சரக்குகள் சிங்கப்பூரில் பிடிபட்டன. ஒன்றில் 12.9 டன், மற்றதில் 12.7 டன், எல்லாம் எறும்புத்தின்னிச் செதில். நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போகிற வழி. நம் நகத்தில் இருக்கும் அதே கெராட்டின்தான் அந்தச் செதில். அதில் எந்த மருந்தும் இல்லை.

இந்த விலங்கை அடைப்பில் உயிரோடு வைத்திருப்பதே கடினம். எறும்பும் கறையானும்தான் உணவு, பல் கிடையாது, சின்ன அதிர்ச்சிக்கும் சுருண்டு சாப்பாட்டை விட்டுவிடும். ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான். மண்டாயின் இரவு விலங்குப் பூங்காவான நைட் சஃபாரியில் 2011-இல் ஒரு குட்டி பிறந்தது, இந்தத் துறையில் உள்ளவர்கள் அதைப் பெரிய செய்தியாகப் பேசினார்கள். என்ன தீவனம் ஒத்துக்கொள்கிறது, சினை எத்தனை மாதம், குட்டி எப்போது தாய்முதுகை விட்டு இறங்குகிறது என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவருகிறது.

அந்த அறிவு நேரே காட்டுக்கும் பயன்படுகிறது. தாயில்லாமல் சாலையோரத்தில் கிடைத்த ஒரு குட்டியை இங்கே பால் புகட்டித் தேற்றினார்கள். பிறகு மாலை வேளைகளில் பராமரிப்பாளர்கள் அதை வெளியே நடக்கவிட்டு, தானே எறும்புப் புற்றைத் தேடிக் கிளறித் தின்னும்வரை பின்னாலேயே போனார்கள். கடைசியில், போகுமிடம் தெரிந்துகொள்ள ஒரு கருவி பொருத்திக் காட்டில் விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. வேடிக்கை பார்க்க யாருமில்லாத இருட்டில் நடந்த வேலை.

"இங்க பொறந்த குட்டிய ஏன் வேற நாட்டுக்கு அனுப்பிடுறாங்க? தாய்கிட்டருந்து பிரிக்கலாமா?"

சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இணை சேர்ந்தால் சில தலைமுறையில் குறைகள் தலைதூக்கும். அதனால் முக்கியமான இனங்களுக்கு வம்சாவளிப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். எந்த விலங்கின் தாய் தகப்பன் யார், எங்கே பிறந்தது, யாரோடு இணை சேர்ந்தது என்று நாடு தாண்டி எல்லாமே அதில் இருக்கும். ஏறக்குறைய ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுதான், ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே உறவு எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. தாயோடு இருக்க வேண்டிய வயது கழிந்த பிறகே அனுப்புவார்கள். காட்டிலும் பல இனங்களில் வளர்ந்த குட்டி தாயை விட்டு விலகித்தான் போகிறது.

லெ லெ என்ற பாண்டாக்குட்டியின் கதை வேறு கணக்கு. அதன் பெற்றோரான காய் காயும் ஜியா ஜியாவும் 2012-இல் சீனாவிலிருந்து கடனாக வந்தவை. குட்டி பிறந்தால் சீனாவுக்கு உரியது என்பது ஒப்பந்தம். 2021 ஆகஸ்டில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த லெ லெ 2024 ஜனவரியில் அங்கே போனது.

"வெள்ளைப்புலி ரொம்ப அரிய இனம், அத முதல்ல காப்பாத்தணும்ல?"

வெள்ளைப்புலி தனி இனமே இல்லை. வங்கப்புலியில் ஒரு மரபணு மாற்றம், அதனால் நிறம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். 1951-இல் மத்திய இந்தியாவின் ரீவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஆண்புலியை அதன் மகளோடே இணை சேர்த்து இந்த வரிசையைப் பெருக்கினார்கள். முந்தைய பதிலில் சொன்ன பதிவேட்டு விதிக்கு நேர் எதிரான வேலை. மாறுகண், கோணல் முதுகு போன்ற குறைகள் அந்த வம்சத்தில் அடிக்கடி வருவது அதனால்தான்.

அமெரிக்க விலங்குத் தோட்டச் சங்கம் தன் உறுப்பினர்கள் வெள்ளைப்புலியை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று 2011-இல் முடிவெடுத்தது. வண்டலூரிலும் மண்டாயிலும் இருந்த வெள்ளைப்புலிகளைப் பார்க்கக் கூட்டம் கூடியது உண்மை. இருக்கும் விலங்கை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் புதிதாக உண்டாக்குவதைப் பாதுகாப்பு என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

"ஆராய்ச்சின்னா காட்டுல போய் பண்ண வேண்டியதுதானே? ஸூல என்ன கண்டுபிடிக்க முடியும்?"

காட்டில் ஒரு யானையை மாதாமாதம் இரத்தப் பரிசோதனை செய்ய முடியாது. தோட்டத்தில் முடிகிறது, அதுவும் மயக்க ஊசி இல்லாமல். யானை கம்பிக்கு அருகே வந்து காதை நீட்டும், காதுக்குப் பின்னால் உள்ள நரம்பில் ஊசி ஏறும், பராமரிப்பாளரின் மறுகையால் பழத்துண்டு போகும். வேண்டாம் என்றால் அது பாட்டுக்கு நகர்ந்துவிடலாம். இப்படி எடுத்த இரத்தத்தில்தான் யானைக்கே உரிய ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட சுரப்பு (ஹார்மோன்) மூன்று வார இடைவெளியில் இருமுறை உயர்கிறது, இரண்டாவது முறைதான் கருமுட்டை வெளியாகிறது. முதல் உயர்வைப் பார்த்தே நாள் குறிக்கலாம் என்பதால் யானைக்குச் செயற்கைக் கருவூட்டல் சாத்தியமானது. சாணத்திலிருந்தே சுரப்புகளை அளக்கும் முறையைத் தோட்டத்து விலங்குகளில் சரிபார்த்த பிறகு, காட்டில் விலங்கைத் தொடாமலேயே சினையா, அழுத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

யானைக்குட்டிகளை ஓரிரு நாளில் கொல்லும் ஒரு ஹெர்பிஸ் நச்சுயிரி (வைரஸ்) உண்டு. 1995-இல் வாஷிங்டன் தேசிய விலங்குத் தோட்டத்தில் ஒரு குட்டி இறந்தபோதுதான் அதை அடையாளம் கண்டார்கள். பிறகு தேடினால் ஆசியக் காட்டு யானைகளிலும் இருந்தது. 2024-இல் ஹூஸ்டன் தோட்டத்தில் ஒரு யானைக்கு அதற்கான தடுப்பூசியை முதன்முதலாகப் போட்டார்கள். தவளைகளை உலகெங்கும் அழித்த தோல் பூஞ்சையையும் அதே வாஷிங்டன் தோட்டத்தில் இறந்த தவளைகளிலிருந்து பிரித்தெடுத்து 1999-இல் பெயரிட்டார்கள்.

இன்னொன்று பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இங்கிலாந்தின் செஸ்டர் தோட்டத்தில் ஃபுளோரா என்ற கொமோடோ உடும்பு, ஆணோடு சேராமலேயே கரு வளரும் முட்டை இட்டது. 2006-இல் மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது. வாழ்நாள் முழுக்க யாரோடு இருந்தது என்ற பதிவு தோட்டத்தில் இருந்ததால்தான் அப்படி அடித்துச் சொல்ல முடிந்தது.

"இதுல மனுஷங்களுக்கு ஏதாச்சும் பயன் இருக்கா?"

1999-இல் நியூயார்க்கில் மூளைக்காய்ச்சல் பரவியபோது மருத்துவர்கள் வேறொரு நோய் என்று நினைத்திருந்தார்கள். அதே நேரம் பிராங்ஸ் விலங்குத் தோட்டத்தைச் சுற்றிக் காகங்கள் செத்து விழுந்தன, உள்ளே பூநாரைகளும் இறந்தன. மருத்துவர்கள் சொன்ன நோய் பறவைகளை இப்படிக் கொல்லாதே என்று அந்தத் தோட்டத்தின் நோய்க்குறி வல்லுநர் விடாமல் சுட்டிக்காட்டினார். கடைசியில் அது வெஸ்ட் நைல் நச்சுயிரி, அமெரிக்கக் கண்டத்தில் முதல் தடவை என்று தெரியவந்தது. கோவிட் காலத்தில் வண்டலூர்ச் சிங்கங்களுக்கும் நைட் சஃபாரியின் ஆசியச் சிங்கங்களுக்கும் தொற்று வந்தது நினைவிருக்கும். தினமும் பார்க்கும் ஆள் இருப்பதால் முதல் இருமலிலேயே தெரிந்துவிடுகிறது.

"செல்லை உறைய வச்சு, அழிஞ்ச விலங்கையே திரும்ப உண்டாக்கலாமாமே? அப்புறம் எதுக்குக் கவலை?"

சான் டியாகோவில் 1970-களில் தொடங்கிய உறைநிலைச் சேமிப்பில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகளின் செல்கள் உள்ளன. 1980-இல் சேமித்த செல்லிலிருந்து 2020-இல் பிரஸ்வால்ஸ்கி என்ற காட்டுக்குதிரையின் குட்டி ஒன்று பிறந்தது. அதே ஆண்டு கருங்கால் மரநாய் ஒன்றும் பிறந்தது. இரண்டுமே பெரிய சாதனைகள்.

ஆனால் இந்த இரண்டு இனங்களுக்கும் சுமந்து பெற நெருங்கிய உறவு விலங்கும், வளர்க்கத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். வட வெள்ளைக் காண்டாமிருகத்தில் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்தது. நாஜின், ஃபாத்து என்ற தாயும் மகளுமே மிச்சம், இரண்டாலும் குட்டியைச் சுமக்க முடியாது. ஆய்வகத்தில் கருக்கள் தயாராக இருக்கின்றன, வேறொரு வகைக் காண்டாமிருகத்தின் வயிற்றில் வளர்க்கப் பாடுபடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தபோதே காப்பாற்றியிருந்தால் இந்தப் பாடே வேண்டியிருக்காது.

"இனுக்கா மாதிரி பனிக்கரடிய இந்த வெயில்ல வச்சது தப்புதானே?"

என்னைக் கேட்டால், ஆமாம். இனுக்கா 1990-இல் இங்கே பிறந்தது, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. ஊரே அதன்மேல் பாசம் வைத்திருந்தது. குளிரூட்டிய புதிய இடமும் கட்டிக் கொடுத்தார்கள். வயதாகி நடக்க முடியாமல் போனபோது, 2018 ஏப்ரலில் வேதனையில்லாமல் கண்மூட வைத்தார்கள். 27 வயது என்பது பனிக்கரடிக்கு நீண்ட ஆயுள்.

இனிப் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று தோட்டம் 2006-லேயே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். வெப்பமண்டலத் தோட்டம் இந்த வட்டாரத்து விலங்குகளுக்கே இடம் கொடுக்க வேண்டும்.

"எவ்ளோ பெருசா கட்டினாலும் அடைப்பு அடைப்புதானே? சந்தோஷமா இருக்குமா?"

சிங்கப்பூர்த் தோட்டம் தொடக்கத்திலேயே கம்பிக் கூண்டுகளைத் தவிர்த்து, அகழியும் நீரும் செடியும் வைத்துப் பிரித்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது அழகு. விலங்குக்கு எப்படி இருக்கிறது என்பதை நடத்தையில்தான் பார்க்க வேண்டும். ஒரே பாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறதா, தலையை ஆட்டிக்கொண்டே நிற்கிறதா? அது நல்ல அறிகுறி இல்லை. மோந்து பார்க்கிறது, தோண்டுகிறது, ஒளித்த தீனியைத் தேடுகிறது, வேண்டும்போது மறைந்து உட்கார இடமிருக்கிறது என்றால் பரவாயில்லை. விலங்கு கண்ணில் படவில்லை என்று புகார் சொல்லாதீர்கள். மறைய இடம் இருப்பது நல்ல அடைப்புக்கு அடையாளம்.

பரந்து சுற்றும் சில விலங்குகளுக்கு எந்த அடைப்பும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாகக் காரணம் கேட்கச் சொல்கிறேன்.

"டிக்கெட் காசு நெசமாவே காட்டுக்குப் போகுதா?"

ஒரு பகுதி போகிறது. இந்தப் பூங்காக்களை நடத்தும் மண்டாய் வனவிலங்குக் குழுமத்தோடு இணைந்த மண்டாய் நேச்சர் என்ற அமைப்பு தென்கிழக்காசியாவில் பாதுகாப்புத் திட்டங்களுக்கு உதவுகிறது. பெரும்பங்கு சம்பளத்துக்கும் தீவனத்துக்கும் கட்டடத்துக்கும்தான் போகும், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உள்ளூரில் ராஃபிள்ஸ் பட்டைக் குரங்குக்கு நடக்கும் வேலையில் பல அமைப்புகளோடு மண்டாயும் பங்கெடுக்கிறது. நம் நாட்டில் நூறுகூட இல்லை. பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே இறங்கி அடிபடாமல் குரங்குகள் அதன்மேல் கடக்கின்றன. குரலுக்காகப் பிடித்து விற்கப்படும் மஞ்சள்தலைச் சின்னான் என்ற பறவையில் உலகில் எஞ்சியிருப்பவற்றில் பெரிய பங்கு நம் தீவில், அதிலும் புலாவ் உபினில் இருக்கிறது. அதைக் காட்டிலும் காக்கிறார்கள், பூங்காவிலும் பெருக்குகிறார்கள்.

"தோத்துப்போன திட்டமே இல்லையா? நல்லதையே சொல்றீங்க."

இருக்கிறது, வேதனையான ஒன்று. சுமத்ரா காண்டாமிருகத்தைக் காப்பாற்ற 1984 முதல் சுமார் பத்தாண்டில் 40 விலங்குகளைக் காட்டிலிருந்து பிடித்தார்கள். பெரும்பாலானவை குட்டி போடாமலேயே இறந்துவிட்டன. என்ன இலை தின்னும், எப்போது இணை சேரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தவறான தீவனமும் நோயும் கொன்றன.

பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு, ஆண் அருகில் வந்தால்தான் பெண்ணுக்குக் கருமுட்டை வெளியாகிறது என்று சின்சினாட்டி தோட்டத்தில் கண்டுபிடித்தார்கள். 2001-இல் அங்கே அண்டாலஸ் என்ற ஆண்குட்டி பிறந்தது, நூறாண்டுக்கு மேல் அடைப்பில் பிறக்காத இனத்தில். 2007-இல் அதைச் சுமத்ராவுக்கு அனுப்பினார்கள், 2012-இல் அங்கே தகப்பனானது. மலேசியாவில் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019-இல் இறந்துவிட்டது. பக்கத்து நாட்டில் நடந்த இழப்பு அது. இந்தோனேசியாவில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

"காட்ட வெட்டித்தானே மண்டாய்ல புதுப் பூங்கா கட்டினாங்க? அது எப்படிப் பாதுகாப்பு?"

நியாயமான கேள்வி. புதிய பூங்காக்களும் விடுதியும் வந்த நிலம் முன்பு கிராமமும் தோப்புமாக இருந்து, பிறகு மரம் வளர்ந்த இடம். பழைய காடு இல்லை என்றாலும் விலங்குகள் நடமாடிய வழி அது, பக்கத்திலேயே மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதி. கட்டுமானக் காலத்தில் சாலையில் விலங்குகள் அடிபட்டபோது கடுமையான விமர்சனம் எழுந்தது. 2019 டிசம்பரில் மண்டாய் லேக் சாலைக்கு மேலே மரம் செடி நட்ட வனவிலங்குப் பாலம் திறந்தார்கள். விலங்குகள் அதைப் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

பாலம் இழப்பைக் குறைக்கும், இழந்ததைத் திருப்பித் தராது. பாதுகாப்பைத் தன் வேலையாகச் சொல்லும் நிறுவனத்திடம் மற்றவர்களைவிட அதிகம் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

"சொந்தக்காரங்க ஊருலருந்து ஒரு நட்சத்திர ஆமை கொண்டாந்தாங்க. ஸூல குடுத்துடலாமா? இல்ல, புண்ணியமா நீர்த்தேக்கத்துல விட்டுடலாமா?"

விடவே விடாதீர்கள். நட்சத்திர ஆமை நீரில் வாழ்வதில்லை, மூழ்கிச் செத்துவிடும். அனுமதியில்லாமல் விலங்குகளை வெளியே விடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கோயில் வேண்டுதலுக்காகவோ விசாகத்துக்காகவோ பறவை, மீன் வாங்கி விடுவதும் இதில் அடங்கும். நான்காவது பதிலில் சொன்ன நோய்ப் பயமும் இங்கே உண்டு.

இந்திய நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வணிகம் 2019 முதல் அடியோடு தடை. சிங்கப்பூர் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஆமை இரண்டே வகை: சிவப்புக்காது ஆமை, மலாய்ப் பெட்டி ஆமை. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளில் பிடிபடும் குட்டி ஆமைகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காலை மடக்கி ஒட்டுநாடா சுற்றி அடுக்கி அனுப்புகிறார்கள், வழியிலேயே நிறைய செத்துவிடும்.

தோட்டத்து வாசலில் கொண்டுபோய் வைக்காதீர்கள். தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லி ஒப்படையுங்கள். அவர்கள் சோதித்து, தகுந்த இடத்தில் சேர்ப்பார்கள். 2018-இல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளை ஏக்கர்ஸ் என்ற இங்குள்ள மீட்பு அமைப்பு இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது, கர்நாடகத்துக்கு.